‘ஒன் பீஸ்’ ஆங்கில டப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் சில முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் டப்பிங்கைப் பற்றிப் பேச முடியாது. எதுவுமே தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

எந்தத் தொடரைச் சொல்கிறீர்கள்?

எய்ச்சிரோ ஓடா 1997 முதல் ஷோனென் ஜம்ப் வார இதழில் வரைந்துவரும் ‘ஒன் பீஸ்’ என்ற மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) தழுவி, டோயி அனிமேஷன் எடுத்துவரும் தொடர். 1999 அக்டோபரில் ஃபூஜி டிவியில் தொடங்கியது. ஆயிரமாவது எபிசோடு 2021 நவம்பரில் வந்தது. ரப்பர் போல உடம்பு நீளும் லூஃபி என்ற பையன், கடற்கொள்ளையர்களின் ராஜாவாக வேண்டும் என்று கப்பலேறுகிறான். வழியில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் சேர்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. டப்பிங்கில் நடந்த கோளாறும் பிறகு நடந்த நல்லதும் அந்தத் துக்கத்தைச் சுற்றித்தான்.

ஒரே தொடருக்கு ஏன் இரண்டு ஆங்கிலக் குரல்கள்? யூடியூபில் பார்த்தபோது லூஃபியின் குரலே வேறாக இருந்தது.

நீங்கள் கேட்டவை இரண்டு தனித்தனி டப். முதலாவது, அமெரிக்காவின் ஃபோர் கிட்ஸ் நிறுவனம் செய்தது. 2004 செப்டம்பரில் சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கி, 2006 இறுதியில் தயாரிப்பு நின்றது. 2007இல் உரிமை ஃபனிமேஷனுக்குப் போனது. டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் இயங்கிய நிறுவனம் அது. இன்றுவரை தொடர்வது அவர்கள் தொடங்கிய டப்தான். 2022இல் ஃபனிமேஷன், கிரஞ்சிரோல் என்ற அனிமேஷன் இணையத் தளத்தின் பெயருக்குள் அடங்கிவிட்டது. இவை போக, சிங்கப்பூரைச் சேர்ந்த ஓடெக்ஸ் நிறுவனமும் தொடக்க எபிசோடுகளுக்கு ஓர் ஆங்கில டப் செய்தது. அதைக் கேட்டவர்கள் குறைவு.

ஃபோர் கிட்ஸ் டப்பை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? குழந்தைகளுக்காகக் கொஞ்சம் வெட்டினால் தப்பா?

வெட்டுவது தப்பில்லை. எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டினால்தான் தப்பு.

எல்லோரும் முதலில் சொல்லும் உதாரணம் லாலிபாப். சமையல்காரன் சான்ஜி எப்போதும் சிகரெட்டும் கையுமாக இருப்பவன். அந்த சிகரெட்டை அழித்து வாயில் லாலிபாப் குச்சியை வரைந்தார்கள். கடற்படை அதிகாரி ஸ்மோக்கரின் பெயரை ‘சேஸர்’ என்று மாற்றி, சுருட்டையும் அழித்தார்கள். வாயிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. லூஃபியின் தோழன் கோபியின் தலையில் வைத்த துப்பாக்கி, ஸ்பிரிங் வைத்த சுத்தியலாக மாறியது. ரத்தம் எங்கும் இல்லை. தின்றவருக்கு விசித்திர சக்தி தரும் ‘சாத்தான் கனி’ என்று வரவேண்டியது ‘சபிக்கப்பட்ட கனி’ ஆனது. இவற்றையெல்லாம் நான் பெரிதாக நினைக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் சிகரெட் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதில் நியாயம் உண்டு.

என்னால் ஏற்க முடியாதது குய்னாவின் கதை. வாள்வீரன் ஸோரோவுக்குச் சிறுவயதில் குய்னா என்று ஒரு தோழி. இரண்டாயிரம் முறை அவளோடு மோதித் தோற்றவன் அவன். நம் இருவரில் ஒருவர் உலகின் தலைசிறந்த வாள்வீரர் ஆகவேண்டும் என்று ஒரு ராத்திரி சத்தியம் செய்துகொள்கிறார்கள். மறுநாள் அவள் மாடிப்படியில் விழுந்து இறந்துபோகிறாள். ஸோரோ அவளுடைய அப்பாவிடம் போய், அவளுடைய வெள்ளை உறை வாளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதன்பிறகு ஆயிரம் எபிசோடு தாண்டியும் அந்த வாள் அவன் இடுப்பில்தான் இருக்கிறது. ஃபோர் கிட்ஸ் கதையில் அவள் சாகவில்லை. எதிரிகள் அடித்ததில் இனி வாளேந்த முடியாதபடி ஆகிவிட்டாள், அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த வாள் அவன் இடுப்பில் எதற்கு? உயிரோடு இருக்கும் தோழியின் வாள் வெறும் பரிசுப்பொருள். செத்துப்போனவளின் வாள்தான் சத்தியம்.

இன்னொன்று லபூன். சிவப்பு மலைச்சுவரில் தலையை மோதிக்கொண்டு, திரும்பி வருவோம் என்று சொல்லிப்போன கொள்ளையர்களுக்காக ஐம்பது வருடம் காத்திருக்கும் திமிங்கலம். அந்தக் கதையை ஃபோர் கிட்ஸ் அப்படியே தாண்டிப்போனது. ஓடாவோ முந்நூறு எபிசோடு கழித்து, புரூக் என்ற எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து அந்த நூலைப் பிடிக்கிறார். நூலின் ஒரு முனையை அறுத்துவிட்டால் மறு முனை எதைப் பிடிக்கும்? இப்படி வெட்டி வெட்டி, 143 எபிசோடுகள் 104 ஆகச் சுருங்கின.

அப்படியானால் அந்தக் குரல் கலைஞர்கள் மோசமா?

இல்லவே இல்லை. லூஃபிக்குப் பேசிய எரிக்கா ஷ்ரோடரும், ராபினுக்குப் பேசிய வெரோனிகா டெய்லரும் தேர்ந்த கலைஞர்கள். போகிமான் ஆஷின் ஆங்கிலக் குரலாக ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்தது வெரோனிகாவின் குரலைத்தான். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வசனத்தில் யாரும் சாகவில்லை. சாவே இல்லாத இடத்தில் எப்படி அழுது நடிப்பது? அவர்கள் மேல் பழியைப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஃபனிமேஷன் டப் ஏன் 144ஆம் எபிசோடில் தொடங்கியது என்கிறார்கள்?

தொலைக்காட்சிக்கு அப்படித்தான் வந்தது. ஃபோர் கிட்ஸ் விட்ட இடத்திலிருந்து, புதுக் குரல்களோடு, கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2007 செப்டம்பரில் தொடர்ந்தார்கள். அதே சமயம் முதல் எபிசோடுக்குத் திரும்பிப்போய், ஒரு துளியும் வெட்டாமல் எல்லாவற்றையும் மறுபடி டப் செய்து 2008 மே முதல் டிவிடியாக வெளியிட்டார்கள். ஏற்கெனவே பேசி முடித்த நூற்றுக்கு மேற்பட்ட எபிசோடுகளை முதலிலிருந்து மீண்டும் பேசுவது சாதாரண வேலை இல்லை. ஆங்கிலத்தில் இந்தக் கதைக்கு உயிர் வந்தது அந்த வேலையால்தான்.

முக்கியப் பாத்திரங்களுக்கு யார் பேசுகிறார்கள்?

லூஃபி கொலீன் கிளிங்கன்பியர்ட், ஸோரோ கிறிஸ்டோபர் சபாட், நாமி லூசி கிறிஸ்டியன், உசோப் சன்னி ஸ்ட்ரெய்ட், சான்ஜி எரிக் வேல், சாப்பர் பிரினா பாலென்சியா, ராபின் ஸ்டெஃபனி யங், பிராங்கி பேட்ரிக் சைட்ஸ், புரூக் இயன் சின்க்ளேர். இவர்களில் பலர் 2007லிருந்து அதே பாத்திரத்துக்குப் பேசிவருகிறார்கள்.

பையனுக்குப் பெண் குரலா?

ஜப்பானிலும் அப்படித்தான். 1999 முதல் லூஃபிக்குப் பேசிவரும் மாயுமி தனாக்கா 1955இல் பிறந்தவர். சிறுவர்களுக்குப் பெண்கள் பேசுவது அங்கே நீண்ட வழக்கம். நம்மூர் டப்பிங்கிலும் சிறுவர் வேடங்களுக்குப் பெண்கள் பேசுவது புதிதல்ல. ஆண்பிள்ளை பேசினால் சில வருடங்களில் குரல் உடைந்துவிடும். முப்பது வருடம் ஓடும் தொடருக்கு அது தாங்காது. கொலீன் தன் குரலில் ஒரு கரகரப்பைச் சேர்த்துக்கொள்கிறார். கத்தும்போது அந்தக் கரகரப்பு கிழிந்து உள்ளேயிருந்து ஒரு குழந்தை எட்டிப்பார்க்கும். லூஃபியின் அண்ணன் ஏஸ் சாகும் 483ஆம் எபிசோடில் அதைக் கேட்கலாம். தம்பி அண்ணனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், பிறகு சொல்லே இல்லாத ஓர் அலறல். அங்கே மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அந்த அலறலை ஆங்கிலக் கலைஞர் தன் தொண்டையிலிருந்தேதான் எடுக்கவேண்டும்.

டப்பிங் எப்படி நடக்கிறது?

ஜப்பானில் வழக்கமாக நடிகர்கள் ஒரே அறையில் கூடி, நாலைந்து மைக்குகளை மாறி மாறிப் பகிர்ந்து பேசுவார்கள். ஒருவர் கத்தினால் அடுத்தவர் அந்தச் சூட்டிலேயே பதில் சொல்லலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனியாகக் கண்ணாடி அறைக்குள் நின்று பேசுகிறார்கள். திரையில் காட்சி ஓடும், காதில் மூன்று ‘பீப்’ ஒலி கேட்கும், நான்காவது ஒலி வரவேண்டிய இடத்தில் பேசத் தொடங்கவேண்டும். எதிரில் யாரும் இல்லை. நாமி அழுகிற காட்சியில் லூஃபிக்குப் பேசுபவர் இன்னும் வந்திருக்கவே மாட்டார்.

அதற்கு முன்பே இரண்டு பேருடைய வேலை முடிந்திருக்கும். ஒருவர் ஜப்பானிய வசனத்தை உள்ளது உள்ளபடி ஆங்கிலத்தில் பெயர்ப்பார். இன்னொருவர் அதை வாயசைவுக்குத் தக்கபடி மாற்றி எழுதுவார். இசையும் மற்ற சத்தங்களும் ஜப்பானிலிருந்து தனியாக வந்துவிடும். மேலே மனிதக் குரல் மட்டும் புதிதாக ஏறும். சிரிப்பு, மூச்சிரைப்பு, அடிவாங்கும் ‘உக்’ உட்பட ஒவ்வொன்றும் மறுபடி பதிவு செய்யப்படுகிறது. சண்டை எபிசோடு பேசிவிட்டு வந்தால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

உதட்டசைவு பொருந்துமா?

ஜப்பானிய அனிமேஷனான அனிமேயில் வாய்க்குப் பெரும்பாலும் மூன்று வடிவம்தான்: மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது. எனவே ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு ஒத்துப்போக வேண்டியதில்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, நடுவில் எங்கே இடைவெளி என்பது பொருந்தினால் கண் ஏற்றுக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் சொல் வரிசையில் இருக்கிறது. லூஃபி அடிக்கடி முழங்கும் வாக்கியம்: ‘கைஸோக்கு ஓ நி, ஓரே வா நரு.’ தமிழில் அதே வரிசையில் சொல்லலாம்: ‘கடற்கொள்ளையர் ராஜாவா, நான் ஆவேன்.’ வினை கடைசியில் வருவதால் நமக்கு இடமே மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘நான்’ முதலில் வந்துவிடும். வாக்கியம் ‘கொள்ளையர்’ என்ற சொல்லில் போய் முடியும். ஜப்பானியப் படத்தில் லூஃபி கையை ஓங்குவது ‘ஆவேன்’ என்ற இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அந்த அசைவின் கீழே வேறு சொல் வந்து விழும். எழுதுகிறவர் கோபமும் அழுத்தமும் எந்தச் சொல்லில் விழவேண்டும் என்று பார்த்து வாக்கியத்தையே திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. தமிழ் டப்பிங் எழுதுபவருக்கு இந்த ஒரு தொல்லை இருக்காது.

டப்பில் ஒரே ஒரு காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று காட்ட முடியுமா?

எபிசோடு 278. ராபின் என்ற தொல்லியலாளரை உலக அரசு பிடித்துவைத்திருக்கிறது. எட்டு வயதிலிருந்து துரத்தப்பட்டவள். நான் இருந்தால் உங்களுக்கு ஆபத்து, சாகத்தான் விரும்புகிறேன் என்கிறாள். எதிரே கூரைமேல் தோழர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உலகம் முழுவதற்கும் எதிராகப் போர் என்று அறிவிப்பது போல, அரசின் கொடியை உசோப் எரித்து வீழ்த்துகிறான். பிறகு லூஃபி கத்துகிறான்: உன் வாயால் இன்னும் கேட்கவில்லை, வாழவேண்டும் என்று சொல்!

அவள் பதில் ஜப்பானிய மொழியில் ‘இக்கிதாய்.’ நாலே மாத்திரை. கடைசியில் ‘ஆய்’ என்று வாய் அகலத் திறந்து முடிவதால், யுரிக்கோ யமகுச்சியால் அதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுத்துக் கத்த முடிகிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் ‘ஐ வாண்ட் டு லிவ்’ என்று வருகிறது. அதுவும் நாலே அசை, நீளம் சரி. ஆனால் ‘லிவ்’ குறில். முடிவில் உதடு பல்லோடு சேர்ந்து மூடிக்கொள்ளும். மூடிய வாயால் எப்படிக் கத்துவது? ஸ்டெஃபனி யங் அந்தக் குறிலையே பிடித்து நடுங்கவைத்து, சளியும் கண்ணீரும் அடைத்த தொண்டையோடு இழுக்கிறார். அழகாக இல்லை. அழகாக இருக்கவும் கூடாது. அதுவரை இரண்டு நூறு எபிசோடுகளாக பெரும்பாலும் குரலை உயர்த்தாமல் குளிர்ந்த நீர் போலப் பேசிய பெண் அவள். முதல் தடவை கேட்டபோது நள்ளிரவு. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு ஜப்பானிய வடிவத்தைப் போட்டேன், மறுபடி ஆங்கிலம், மறுபடி ஜப்பானியம். எது உயர்ந்தது என்று முடிவு செய்ய முடியவில்லை. ஒரே அழுகையை இரண்டு பேர் அழுதிருந்தார்கள்.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு ஆங்கில டப்பைக் கேட்டால் இரண்டும் வேறு வேறாக இருக்கிறதே. பிழையா?

பிழை இல்லை. சப்டைட்டில் ஜப்பானிய வசனத்தின் நேர் மொழிபெயர்ப்பு. டப் வசனம் வாயசைவுக்காகத் திருத்தி எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஆங்கிலத்துக்கு வராமலே போனவை எவை?

முதலில் ‘நான்’. ஜப்பானிய மொழியில் லூஃபியின் ‘நான்’ முரட்டுப் பையனுடைய ‘ஓரே’, கோபியின் ‘நான்’ பணிவான ‘போக்கு’, ராபினுடையது ‘வதாஷி’. வாயைத் திறந்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘ஐ’. அதை ஈடுகட்ட நடிகர்கள் தொனியையும் பேச்சு வழக்கையும் நம்பவேண்டியிருக்கிறது. பிராங்கியின் அட்டகாசமான பேச்சில் அது நன்றாகவே கைகூடுகிறது.

உசோப்பின் பெயரில் ‘உசோ’ என்றால் பொய். பெயரைச் சொன்னாலே ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் ‘பொய்யன்’ என்று காதில் விழும். ஆங்கிலப் பிள்ளைக்கு அது வெறும் பெயர். ‘நகமா’ என்ற சொல்லும் அப்படியே. நண்பன், கூட்டாளி, குடும்பம் எல்லாவற்றையும் தொட்டு நிற்கும் சொல். ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ‘குழுவினர்’, இன்னொரு இடத்தில் ‘நண்பர்கள்’ என்று சிதறுகிறது. ‘நம்ம ஆளு’ என்று நாம் சொல்வோமே, அதன் சூடு ஓரளவு கிட்டவரும் என்று எனக்குத் தோன்றும்.

சிரிப்புகள் மட்டும் தப்பித்தன. புரூக்கின் ‘யோஹோஹோ’வை எந்த மொழியிலும் மாற்றத் தேவையில்லை.

பாட்டுகளையும் டப் செய்தார்களா?

ஃபோர் கிட்ஸ், தொடக்கப் பாடலை எடுத்துவிட்டு ஒரு ராப் பாட்டைப் போட்டது. ஃபனிமேஷன், ஹிரோஷி கிதாதானி பாடிய ‘வீ ஆர்’ மெட்டை வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களில் பாடவைத்தது.

கதைக்குள் வரும் ஒரு பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. எபிசோடு 380. விஷம் தோய்ந்த ஆயுதங்களால் அடிபட்ட கொள்ளையர்கள், சாகும் முன் லபூனுக்காகக் கடைசியாக ஒரு பாட்டை ஒலிச்சிப்பியில் பதிவு செய்கிறார்கள். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாசித்துப் பாடுகிறார்கள். பாடும்போதே ஒருவர் சாய்கிறார், ஒரு வாத்தியம் குறைகிறது. இன்னொருவர், இன்னொன்று. கடைசியில் புரூக்கின் பியானோவும் குரலும் மட்டும். ஆங்கிலத்திலும் இதைப் பாடியே ஆகவேண்டும். குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைவதுதான் கதை. தனித்தனி அறைகளில், தனித்தனி நாள்களில் பாடியவர்களை ஒரு கப்பல் தளத்தில் சேர்ந்து நிற்பவர்களாகக் கலந்து, பிறகு ஒருவர் ஒருவராகக் கழற்றியிருக்கிறார்கள். இயன் சின்க்ளேர் தனியாக மிஞ்சும் வரியில் பாட்டின் உற்சாகத்தை விட்டுவிடவில்லை. லபூன் கேட்கப்போகிற பாட்டு அது. அழுதுகொண்டு அனுப்ப முடியாது. லபூன் கதையை முழுசாகப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் காட்சி முழுசாகக் கிடைக்கும்.

ஆங்கில டப் ஏன் எப்போதும் பின்தங்கியே இருக்கிறது?

தொகுதி தொகுதியாகச் செய்கிறார்கள். ஜப்பானில் ஒளிபரப்பாகி நாளாகும். காத்திருக்க முடியாதவர்கள் புது எபிசோடுகளை சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, டப் வந்ததும் மறுபடி பார்க்கிறார்கள்.

தமிழர்களான நமக்கு சப்பா, டப்பா? இரண்டுமே அந்நிய மொழிதானே.

நியாயமான கேள்வி. ஆங்கிலம் சரளமாகக் காதில் ஏறாதவர்களுக்கு சப்டைட்டில் எளிது. எழுத்தைப் பார்த்தால் புரியும். வேகமாக வாசிக்க முடியாதவர்களுக்கு டப் எளிது. என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு. சப்டைட்டில் ஓடும்போது அவன் கண் திரையின் அடியிலேயே கிடந்தது; ஸோரோ மூன்று வாளோடு பாய்வதைப் பார்க்கவே இல்லை. டப்பை மாற்றிக் கொடுத்தேன். ‘மாமா, இவன் ஒரு வாளை வாயில வெச்சுக்கிட்டு எப்படிப் பேசுறான்?’ என்று அப்போதுதான் கேட்டான். அவனுக்கு டப்தான் சரி.

டப் பார்த்தால் உண்மையான ரசிகன் இல்லை என்று சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பேச்சைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஃபோர் கிட்ஸின் துண்டுகளை மட்டும் கேட்டவர்கள்.

நான் பார்ப்பது எந்த டப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸோரோவை ‘ஸோலோ’ என்று கூப்பிட்டாலோ, சான்ஜி வாயில் லாலிபாப் இருந்தாலோ, ராப் பாட்டு ஓடினாலோ பழையது. கிரஞ்சிரோலிலும் நெட்ஃபிளிக்ஸிலும் இருப்பது ஃபனிமேஷன் வழிவந்த, வெட்டாத டப். ஆங்கில மாங்கா புத்தகத்தில் மட்டும் இன்றும் ‘ஸோலோ’ என்றே அச்சாகிறது. அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

எங்கிருந்து தொடங்கலாம்? ஆயிரம் எபிசோடு பயமாக இருக்கிறது.

முதல் எபிசோடிலிருந்து 37 வரை பாருங்கள். முதல் சில எபிசோடுகளில் ஆங்கிலக் குரல்கள் இன்னும் பாத்திரத்துக்குள் முழுதாக உட்கார்ந்திருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். 37இல் நாமி தன் ஊரை ஏமாற்றி அடிமையாக்கியவனின் பச்சை குத்திய சின்னத்தைத் தோளிலிருந்து பெயர்த்தெடுக்க, கத்தியால் குத்திக்கொண்டே இருப்பாள். லூஃபி அவள் மணிக்கட்டைப் பிடிப்பான். போய்விடு என்று அவன்மேல் மண்ணை வாரி இறைப்பாள். அவன் நகரமாட்டான். கடைசியில் முழங்காலிட்ட நிலையில் திரும்பிப்பார்த்து, லூசி கிறிஸ்டியன் குரலில் இரண்டே சொல் மூச்சாக வெளியே வரும்: உதவி செய். அவன் ஒன்றும் பேசாமல், யாரையும் தொடவிடாத தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நாலு எட்டு நடப்பான். ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கொலீன் கத்தப்போகிறார்.